லேமினேட் செய்யாத அட்டைகள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் டீச்சர் என்று கேட்டிருக்கிறீர்கள். உபயோகமாக எழுதுவதற்கு வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். கிள்ளானில் ஒரே தமிழ்ப்பள்ளியில் கிட்டத்தட்ட முப்பது வருடம் கணிதம் நடத்திவிட்டு, இப்போது பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். செய்த நல்ல காரியம் எதுவும் சட்டென்று ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. செய்த கோமாளித்தனங்கள் மட்டும் வரிசை கட்டி நிற்கின்றன. அதில் முதலாவதாக நிற்பதை எழுதுகிறேன். படித்துவிட்டு ஆசிரியர் அறையில் சிரித்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை.

பயிற்சிக் கல்லூரியில் உங்களுக்கு மாணவர் மையக் கற்றல் பற்றி நிறையச் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். அந்தப் பயிற்சிக்குப் போய் வந்ததற்கான சான்றிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது, லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். ஆனால் என் வகுப்பில் மையம் எங்கே இருந்தது என்று கேட்டால், வெள்ளைப் பலகைக்கு முன்னால், என் செருப்புக்குள்ளே இருந்தது. பாடம் முடிந்ததும் "புரிஞ்சதா?" என்பேன். "புரிஞ்சது டீச்சர்" என்று மொத்த வகுப்பும் ராகம் போட்டு இழுக்கும். அந்த ராகத்தைக் கேட்டுத்தான் பல வருடம் நிம்மதியாக வீட்டுக்கு ரயில் ஏறினேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, எங்கள் பள்ளியில் கணினிக்குப் பொறுப்பாக இருந்த இளம் ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். என் மகன் வயது. பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார், விட்டுவிடுவோம். அவர் கையில் ஒரு கட்டுத் தாள். ஒவ்வொரு தாளிலும் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு சதுரப் படம்.

"டீச்சர், உங்க கிளாஸ்ல டேப்லெட் இல்லன்னு சொன்னீங்கல்ல? இதுக்கு உங்க போன் ஒண்ணு போதும். ஆளுக்கு ஒரு அட்டை. அட்டைக்கு நாலு பக்கம், நாலு பதில், பக்கத்துக்கு ஒரு குட்டி எழுத்து. எந்தப் பதில் சரின்னு நினைக்கிறாங்களோ அந்தப் பக்கத்த மேல வச்சுப் பிடிக்கணும். நீங்க போன காட்டினா அதுவே யாரு சரி, யாரு தப்புன்னு படிச்சிரும். பக்கத்துல உள்ள புள்ளைக்குக்கூடத் தெரியாது."

"எல்லாரும் புரிஞ்சதுன்னு சொல்றாங்களே தம்பி, இது எதுக்கு?"

"சும்மா ஒரு தடவை செஞ்சு பாருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் போய்விட்டார்.

இங்கே என் முதல் தவறு. ஓர் ஆசிரியர் கையில் காகிதம் கிடைத்தால் அவர் கால்கள் தானாக எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். அலுவலக அறையின் லேமினேட்டிங் மெஷினுக்குத்தான். தேநீர் வேளை முழுக்க அங்கேயே நின்று, முப்பது அட்டைகளையும் பளபளவென்று லேமினேட் செய்து, மூலைகளைக் கத்தரியால் வளைத்து வெட்டி, நான்காம் ஆண்டு வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் அட்டைகளை உயர்த்திப் பிடித்தார்கள். நான் போனை நீட்டினேன். ஜன்னல் வெளிச்சம் பிளாஸ்டிக்கில் பட்டு எல்லா அட்டையும் கண்ணாடி மாதிரி மின்னியது. போன் கணக்குப்படி அன்றைக்குப் பள்ளிக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர்.

"உங்கள யாரு டீச்சர் லேமினேட் பண்ணச் சொன்னா?" என்று தலையில் கை வைத்தார் இளைஞர். மறுபடியும் அச்சடித்துக் கொடுத்தார். இந்த முறை மெஷின் பக்கம் போகவில்லை. தடித்த மணிலா அட்டையில் ஒட்டினேன். ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் எறும்பு அளவுக்கு ஓர் எண் இருந்தது. வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் எண். அதைப் பார்த்துப் பின்பக்கம் வண்ணத்துப்பூச்சி படம் போட்ட பெயர்ச் சீட்டு ஒட்டினேன். கண்ணாடியைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். படிக்கும் கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம். அவர்கள் அப்படி நினைத்துப் பல வருடம் ஆகியிருக்கும்.

முதல் நாள் பின்னம் நடத்தினேன். "புரிஞ்சதா?" "புரிஞ்சது டீச்சர்." உடனே ஒரு கேள்வி, அட்டைகள் மேலே, போன். வகுப்பிலிருந்த தொலைக்காட்சித் திரையில் பெயர்கள் வந்தன, சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு. பாதிக்கு மேல் சிவப்பு. மொத்த வகுப்பும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருடம் அந்த ராகத்தை நம்பி ரயில் ஏறியவள் நான். கோபம் வந்தது, பிள்ளைகள் மேல்தான். என் மேல் வருவதற்கு இன்னும் சில வாரங்கள் ஆயின.

அதோடு நிற்காமல் ஓர் அதிசயமும் நடந்தது. எஸ்தர் பச்சை, தர்வின் சிவப்பு.

இந்த இரண்டு பேரையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தர்வின் வகுப்பில் முதல் மாணவன். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதிலை முடித்துவிடுவான். எஸ்தர் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிற பெண். அவள் அம்மா காலையில் கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் தொழிற்சாலைப் பேருந்து நிற்கும் இடத்தில் வடை விற்றுக்கொண்டிருந்தார். எஸ்தரைக் கேள்வி கேட்டால் முழிப்பாள். நான் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு, "உட்காரும்மா" என்று சொல்லி, "தர்வின், நீ சொல்லு" என்பேன். இதுதான் வழக்கம்.

அந்தத் தவணையில் இன்னொரு வேலையும் என் தலையில் இருந்தது. கணிதத்தில் பின்தங்கிய எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்துத் தலைமையாசிரியையிடம் கொடுக்க வேண்டும். விடுமுறை முடிந்ததும் அவர்கள் கணித நேரத்தில் மட்டும் தனி அறைக்குப் போவார்கள். உதவி செய்யும் நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த அறை மீ கோரேங் நூடுல்ஸ் வறுக்கும் சிற்றுண்டிச் சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. பிள்ளைகள் அதற்கு மீ கோரேங் கிளாஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே போன பிள்ளை பள்ளி முடியும்வரை அந்தப் பெயரோடுதான் திரியும். என் பட்டியலில் பென்சிலால் எழுதியிருந்த முதல் பெயர் எஸ்தர்.

அட்டைகள் வந்தபின் எஸ்தர் வாராவாரம் பச்சை. நான் அழிப்பானை எடுத்து அவள் பெயரை அழித்தேன். அவளை முன்வரிசைக்கு மாற்றினேன். "பாத்தீங்களா, அமைதியா இருக்கறவங்க எவ்வளவு கெட்டிக்காரங்க" என்று வகுப்புக்குச் சொற்பொழிவும் ஆற்றினேன். தர்வினைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். அவன் அம்மாவை வரச்சொல்லிப் பேச வேண்டும் என்று டைரியில் குறித்துக்கொண்டேன். ஆசிரியர் அறையில் என்னைப் பிடிக்க முடியவில்லை. "டேட்டா பேசுது" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தொல்லை தாங்காமல் இரண்டு பேர் தேநீரைத் தங்கள் வகுப்பறைக்கே எடுத்துப் போக ஆரம்பித்தார்கள்.

எஸ்தரை இப்போது அடிக்கடி எழுப்பிக் கேட்டேன். "எப்படிக் கண்டுபிடிச்ச, சொல்லு." அவள் முழித்தாள், பழையபடியேதான். ஆனால் இப்போது எனக்கு அது யோசிப்பதாகத் தெரிந்தது. காத்திருந்தேன். மூன்று எண்ணவில்லை, முப்பது வரைகூட நின்றேன். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் வாரம் வாயிலிருந்து கை கொஞ்சம் இறங்கியது. அதற்கப்புறம் ஒரு நாள் பாதிக் கணக்கைச் சொன்னாள், பாதி சரியாகவும் இருந்தது. ஐந்தாம் வாரம் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார்.

அவர் நல்ல பெண்மணி. அதிகம் பேசமாட்டார், எல்லாவற்றையும் பார்ப்பார். கடைசி வரிசையில், தர்வின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் புதுச் சேலையில், புதுத் தொழில்நுட்பத்தோடு, மாணவர் மையத்துக்கு நடுவில் நின்றேன். கேள்வி திரையில் வந்தது. இருபது வடை, அதில் முக்கால் பங்கு விற்றுவிட்டது, விற்றது எத்தனை? எஸ்தருக்காகவே வடை என்று போட்டிருந்தேன், நட்சத்திரம் ஜொலிக்கட்டும் என்று.

அட்டைகள் உயர்ந்தன. போனைச் சுற்றிக் காட்டினேன். சரியான விடை பதினைந்து என்று திரை காட்டியது. ஆனால் நிறையப் பேர் ஐந்து என்று பிடித்திருந்தார்கள். எஸ்தர் பச்சை.

"எஸ்தர், வா. எப்படின்னு எல்லாருக்கும் விளக்கு."

அவள் எழுந்து வந்தாள். நான் நீட்டிய மார்க்கரை வாங்கிக்கொண்டு பலகையைப் பார்த்து நின்றாள். அப்போது பின்னாலிருந்து அதிகாரியின் குரல் வந்தது.

"டீச்சர், இந்தத் தம்பி பதினைஞ்சுதான் பிடிச்சிருக்கான். ஸ்கிரீன்ல செவப்புக் காட்டுதே?"

நான் போய் தர்வின் கையிலிருந்த அட்டையை வாங்கினேன். பின்பக்கம் வண்ணத்துப்பூச்சி, தர்வின் பெயர். முன்பக்க மூலையில் எறும்பு எண். எண்ணை ஒட்டியிருந்த எழுத்து நேராக வரும்படி திருப்பி, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்பது. தர்வின் பதிவேட்டில் ஆறு. எஸ்தர்தான் ஒன்பது.

சதுர அட்டைக்குத் தலை எது, கால் எது? ஆறைத் தலைகீழாகப் பார்த்து ஒன்பது என்று எஸ்தர் பெயரை ஒட்டியிருக்கிறேன். ஒன்பதைத் தலைகீழாகப் பார்த்து ஆறு என்று தர்வின் பெயரை ஒட்டியிருக்கிறேன். எண் அட்டை செய்தால் ஆறுக்கு அடியில் கோடு போட வேண்டும் என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். போன் திரையில்கூட ஒவ்வொரு பிள்ளையின் தலைக்கு மேலும் பெயர் தெரிந்துகொண்டுதான் இருந்ததாம், தர்வின் தலைக்கு மேல் எஸ்தர் பெயர். நான் கண்ணாடி இல்லாமல் பச்சை சிவப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து வாரம் பேசியது டேட்டா இல்லை, என் பார்வைக் கோளாறு.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைத்துப் பேச வேண்டும். கையில் தவறான அட்டை, பக்கத்தில் அதிகாரி, பலகைக்கு முன்னால் தவறான விடையோடு ஒரு பெண். "இன்டர்நெட் லைன் சரியில்ல மேடம்" என்று சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் அதற்கு மறுவார்த்தை கிடையாது, எந்த அலுவலகத்திலும் செல்லுபடியாகும். இன்னொரு வழியும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "சரிம்மா, நீ உட்காரு. தர்வின், நீ வந்து சொல்லு." பாடம் பிழைத்துவிடும், சேலை கசங்காது. எஸ்தர் மட்டும் அந்த ஒரு வாக்கியத்தில் நேராக மீ கோரேங் வாசனைக்குள் போய்விடுவாள்.

பலகைப் பக்கம் பார்த்தேன். எஸ்தரின் கை மெதுவாக வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அது எனக்குத் தாங்கவில்லை.

"அட்டை மாறிப் போச்சு மேடம். என் தப்பு" என்று மெல்லச் சொல்லிவிட்டு, பலகையை நோக்கி, "எஸ்தர், நீ பிடிச்ச பதில் என்ன?" என்றேன்.

"அஞ்சு டீச்சர்."

வகுப்பில் ஒரு சலசலப்பு.

"அஞ்சு எப்படி வந்துச்சு? நீ யோசிச்சதச் சொல்லு, நாங்க கேக்கறோம்."

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. எண்ணவில்லை. அதிகாரி பேனாவை மூடிய சத்தம் கேட்டது. பிறகு எஸ்தர் பலகையில் நான்கு வட்டம் போட்டாள்.

"அம்மா இருபது வடைய நாலு பொட்டலமா கட்டுவாங்க. ஒரு பொட்டலத்துல அஞ்சு. முக்கால் வித்துருச்சுன்னா..." மூன்று வட்டங்களின் மேல் கோடு கிழித்தாள். "மூணு பொட்டலம் போச்சு. மிச்சம் ஒண்ணு. அஞ்சு."

பின்னாலிருந்து தர்வின் கத்தினான். "மிச்சத்தக் கேக்கலயே, வித்ததத்தான் கேட்டாங்க."

எஸ்தர் திரும்பித் திரையைப் படித்தாள். பிறகு கோடு கிழித்த வட்டங்களைப் பார்த்தாள். "அப்ப போன மூணு பொட்டலத்தையும் கூட்டணும். பதினைஞ்சு" என்றாள், கையை வாயருகே கொண்டு போகாமலே. "ஆமால்ல" என்று நான்கைந்து குரல்கள். ஐந்து பிடித்த பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான் யோசித்திருந்தார்கள். அவர்களுக்கு வகுக்கத் தெரியாது என்று நான் ஒரு மாதமாக வகுத்தலைத் திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தேன். வகுத்தல் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் எதை எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம். அந்தப் போன் எனக்கு எத்தனை பேர் தவறு என்று சொன்னது. ஏன் தவறு என்பதை எஸ்தரின் நான்கு வட்டங்கள் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டேன்.

அதிகாரி போகும்போது என் தோளைத் தொட்டு, "ஆறுக்குக் கீழ கோடு போடுங்க டீச்சர்" என்றார். அறிக்கையில் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் இல்லை.

மணி அடித்ததும் இரண்டு பேரையும் நடைபாதைக்குக் கூப்பிட்டேன். முதலில் தர்வின்.

"உனக்குத் தெரியுமாடா?"

"மூணாவது வாரமே தெரியும் டீச்சர். நான் சரியாப் பிடிச்சாலும் செவப்பு வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"எப்பவும் என்னையேதான் கேப்பீங்க. பதில் சொன்னா இன்னொண்ணு கேப்பீங்க. இப்பத்தான் கேக்கவே இல்ல. ஜாலியா இருந்துச்சு லா."

முதுகில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. சிரிப்பும் வந்தது. எஸ்தர் பக்கம் திரும்பினேன்.

"உனக்கும் தெரியும்தானே?"

தலையை ஆட்டினாள்.

"நீ ஏம்மா சொல்லல?"

"என்னையக் கேட்டீங்க டீச்சர்" என்றாள்.

உங்களிடம் மறைப்பானேன், கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டுதான் அடுத்த வகுப்புக்குப் போனேன். நான்கு வருடமாக அந்தப் பெண் அந்தப் பள்ளியில் இருக்கிறாள். அவளைக் கேள்வி கேட்டுக் காத்திருப்பதற்கு எனக்கு ஒரு தவறான அட்டை தேவைப்பட்டிருக்கிறது. என் பட்டியலில் இருந்த மற்ற பிள்ளைகளுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அவர்கள் எண்களைத் தலைகீழாகப் பார்த்தாலும் வேறு யார் எண்ணும் வராது.

அன்றே அட்டைகளைச் சரி செய்து, ஐந்து வாரக் கணக்கையும் இருவருக்கும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நேர்மையாகச் சொல்கிறேன், எஸ்தரின் கணக்கு மோசம்தான். கடைசி இரண்டு வாரம் மட்டும் கொஞ்சம் பச்சை. விதிப்படி அவள் பெயர் பட்டியலில் முதலாவதாகத் திரும்ப வர வேண்டும். பட்டியலைக் கேட்ட தலைமையாசிரியையிடம் வெறுங்கையோடு போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல ஆறு எது, ஒம்போது எதுன்னு தெரியலயா டீச்சர் உங்களுக்கு?"

"கண்ணாடி போட்டாத் தெரியும். எனக்கு ஒரு மாசம் மட்டும் குடுங்க. அந்த எட்டுப் பேரையும் நான் இன்னும் கேட்டே பாக்கல."

முறைத்தார். ஆனாலும் கொடுத்தார். ஒரு மாதம் தினம் இரண்டு பேரைப் பலகைக்குக் கூப்பிட்டு, அவர்கள் முழிக்கும்போதெல்லாம் யோசிக்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டு நின்றேன். கால் வலித்தது. மாதக் கடைசியில் எட்டுப் பேரில் ஐந்து பேர் தனி அறைக்குப் போனார்கள். அவர்களுக்கு அந்த உதவி வேண்டியிருந்தது, அது எனக்கு வருத்தம்தான். மூன்று பேர் வகுப்பிலேயே இருந்தார்கள். எஸ்தர் அந்த மூவரில் ஒருத்தி.

ஆனால் உங்களுக்குச் சொல்ல நினைத்தது அந்த மாதத்தின் முதல் திங்கட்கிழமையை. அதிகாரி வந்து போனதற்குப் பிறகு வந்த முதல் கணித வகுப்பு. ஆறுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டாகிவிட்டது. அவரவர் அட்டை அவரவர் கையில். கேள்வி போட்டேன், போனைக் காட்டினேன். தர்வின் பச்சை. எஸ்தர் சிவப்பு.

அவள் அட்டையை மெதுவாக இறக்கிப் புத்தகப் பைக்குப் பின்னால் வைத்தாள். பின்வரிசையில் தர்வின் பெருமூச்சு விட்டு, எழுந்து வருவதற்காக நாற்காலியைப் பின்னால் தள்ளினான். கேள்விகளிலிருந்து கிடைத்த விடுமுறை முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"எஸ்தர், வா" என்றேன்.

"டீச்சர், நான் செவப்பு."

"பாத்தேன். கண்ணாடி போட்டிருக்கேன்ல? வா."

மொத்த வகுப்பும் என் கண்ணாடியைப் பார்த்தது. அவள் வந்து மார்க்கரை வாங்கிக்கொண்டாள். தர்வின் நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்து, காலை நீட்டி உட்கார்ந்தான்.

"நீ ரொம்ப சாயாத" என்றேன் அவனிடம். "அவ சொல்லி முடிச்சதும், அவ எப்படி யோசிச்சான்னு நீதான் எங்களுக்குச் சொல்லணும்."

எஸ்தர் பலகையில் முதல் வட்டத்தைப் போட்டாள். நான் ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.